எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் உங்கள் பையன்

செண்பகா நகர், மூன்றாவது குறுக்குத் தெரு
(ஊர் எது என்பது தங்களுக்கே நன்றாகத் தெரியும்)

பெருமதிப்புக்குரியவரும், எனக்குச் சம்பந்தி ஆகவிருப்பவரும், இந்தக் கடிதத்தின் முடிவைப் பொறுத்து ஆகாமலே போகக்கூடியவருமான திருவேற்காடு திரு. பக்தவத்சலம் அவர்களுக்கு, தேவராஜ் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அனுசுயாவும் பெண் கவிப்பிரியாவும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அங்கே தாங்களும் தங்கள் வீட்டு அம்மாவும் கருமாரி அம்மன் தயவில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மகன் வெற்றிச்செல்வன் நலமாக இருக்கிறார் என்பதை நம்ப வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, நேரிலேயே பார்த்துவிட்டேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. எங்கே பார்த்தேன், எந்தக் கோலத்தில் பார்த்தேன் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைப்பீர்கள். போனில் பேசினால் குரலை மாற்றிக்கொள்ள உங்களுக்கு வசதி. நேரில் வந்தால் அம்மா போளி கொடுத்து என் வாயை அடைத்துவிடுவார்கள். போன முறை தங்கள் வீட்டுக்கு வந்தபோது மனதில் நிறையக் கேள்விகளோடுதான் ஷேர் வேனை விட்டு இறங்கினேன். திரும்பும்போது கையில் போளிப் பொட்டலம்தான் இருந்தது. ஆகவே எழுத்தே உத்தமம் என்று முடிவு செய்தேன். நான் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லிக் கொடுக்கும் பொருளைக் கையில் வாங்கி, எங்கே நன்றாக இல்லை என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு கொடுக்கும்போது பூமாலையும் சந்தன மாலையும் போட்டார்களே தவிர, அந்தக் குணத்தை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதோடுதான் வீட்டில் இருக்கிறேன்.

தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை நினைவுபடுத்துகிறேன். எங்கள் வீட்டு சோபாவில் அமர்ந்து, கேசரியில் இருந்த முந்திரியை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டே, "நம்ம பையன் லைட்டு செக்‌ஷன்ல என்ஜினீயருங்க. சீட்ல உக்காந்து கையெழுத்துப் போடுற உத்தியோகம். காலைல போட்ட சட்டை சாயந்திரம் வரைக்கும் கசங்காது" என்றீர்கள். அந்த வார்த்தையில் அனுசுயா அப்படியே மயங்கிவிட்டாள். என் சட்டையில் கிரீஸ் கறை எடுத்தே கை தேய்ந்தவள் அவள். சட்டை கசங்காத மாப்பிள்ளை, சட்டை கசங்காத மாப்பிள்ளை என்று முகப்பேரில் இருக்கும் தன் அக்காவுக்கும் சொல்லி, கீரைக்காரிக்கும் சொல்லிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாகி, சமையலுக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது. அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இல்லாதபோதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, அது வேறு விஷயம்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் நல்ல வெயில் வேளையில் எங்கள் வாசல் கம்பத்துக்கு நேரே ஏணி வண்டி ஒன்று வந்து நின்றது. அந்தக் கம்பத்து விளக்கு எந்தக் குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்த விளக்கு. நன்றாக இருக்கும் விளக்கைப் பார்க்க நகராட்சி வண்டி வந்து நான் கேள்விப்பட்டதில்லை. வண்டியின் தொட்டி மேலே போகப் போக, அதில் நிற்கிற ஆளுக்கு எங்கள் மொட்டை மாடி, சமையலறை ஜன்னல், கொடியில் காயும் துணி எல்லாம் கண்ணுக்கு நேரே. அனுசுயா மாடியில் நைட்டியோடு உட்கார்ந்து கூழ் வற்றல் பிழிந்துகொண்டிருந்தாள். ஆள் தெரிந்ததும் துண்டைத் தேடி எழுந்து ஓடினவள், தான் பிழிந்து வைத்த வற்றல் மேலேயே காலை வைத்துச் சறுக்கினாள். உடனே மேலே இருந்து, "அத்தை, பாத்து, பாத்து!" என்று ஒரு குரல். சம்பந்தி, தாங்களே சொல்லுங்கள். விளக்கு மாட்ட வருகிறவர் யாராவது வீட்டுக்காரியை அத்தை என்று கூப்பிட்டு உண்டா? அம்மா என்பார்கள், யக்கா என்பார்கள், ஒன்றுமே சொல்லாமல் தலையில் பல்பைப் போடுவார்கள். அத்தை என்று கூப்பிட வேண்டுமானால் நாங்கள் பெண் கொடுத்திருக்க வேண்டும். நான் வாசலுக்கு ஓடி வந்து, "யாரப்பா அது, இறங்கு கீழே" என்று சத்தம் போட்டேன். இறங்கி, தலையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினால் தங்கள் பையன். சட்டை எப்படி இருந்தது என்பதைத் தங்கள் மனம் நோகாதபடி எழுத எனக்குத் தெரியவில்லை.

"லைட் எரியலைன்னு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சு மாமா" என்றார். "ராத்திரியெல்லாம் எரிகிறதே" என்றேன். "ஆமா மாமா, எரியத்தான் செய்யுது" என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டவர் பேசாமல் வண்டியைத் திருப்பியிருக்கலாம். வந்ததற்கு ஒரு வேலை செய்ததாகக் காட்டினால்தான் புகாரை முடிக்க முடியுமாம். கூட வந்த, ஹெல்மெட்டில் முகம் தெரியாத ஓர் ஆளை மேலே ஏற்றி எதையோ கழற்றி எதையோ மாட்டச் சொன்னார். அன்று முதல் எங்கள் கம்பத்து விளக்கு சூரியன் இருக்கும் நேரமெல்லாம் ஜெகஜ்ஜோதியாக எரிகிறது, விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் அணைந்துவிடுகிறது. கவிப்பிரியாவுக்கு அன்று வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. அவள் உள்ளே போய் மோர் கொண்டு வந்து கொடுத்தாள். வெயிலில் நிற்கிறவருக்கு மோர் கொடுப்பது நம் பண்பாடு என்பதால் நான் தடுக்கவில்லை. பெரிய சொம்பு, அதனால் குடித்து முடிக்க நேரமாயிற்று.

சரி, லைட் பிரிவில் இருப்பவர் லைட் பார்க்க வந்தார், சீட்டை விட்டு எழுந்து வந்ததுதான் அதிசயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சில நாள் போனது. தெருவில் தண்ணீர் திறக்கும் வால்வு எங்கள் வாசலுக்கு நேராக ஒரு குழிக்குள் இருக்கிறது. காலையில் காபியோடு வாசலுக்கு வந்தேன். குழியை விட்டு ஒரு தலை மட்டும் வெளியே தெரிந்தது. தங்கள் பையனின் தலை. நீளச் சாவியை வைத்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். "தண்ணி வரலைன்னு கம்ப்ளெய்ண்ட் மாமா" என்றார். எங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பி நின்றது. "யார் கொடுத்த புகார்?" என்று கேட்டேன். "பேரைச் சொல்லக் கூடாது மாமா" என்று சொல்லும்போது அவர் முகம் சிவந்துபோயிற்று. குற்றம் செய்கிறவனுக்குத்தான் முகம் சிவக்கும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். வால்வை எந்தப் பக்கம் திருகினாரோ, பின் தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீரும் சேர்த்து எங்கள் தெருவுக்கே வந்தது. நிரம்பி நின்ற தொட்டி பொங்கி வராந்தாவுக்கு ஏறி, நான் வாசித்து அடுக்கி வைத்திருந்த பேப்பர் கட்டுகள் மிதந்தன. எதிர்வீட்டு நாகவல்லி அவர்கள், மாவு அரைத்து விற்கிறவர்கள், ஊற வைத்த அரிசி தெருவில் போகிறது என்று ஒரு பாட்டம் கத்தினார்கள். கவிப்பிரியா அன்றும் வீட்டில்தான் இருந்தாள். பாவம், அவள்தான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அவரோடு சேர்ந்து வாசல் தண்ணீரைத் தள்ளினாள். பெண்ணை இப்படிப் பொறுப்போடு வளர்த்திருக்கிறோம் என்று அந்தக் கோபத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவதாக நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாவிட்டால் தாங்கள் தப்பித்துவிடுவீர்கள். நான் குளியலறையில் தலைக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம், யாரோ இரும்பு மூடியைத் தூக்கும் சத்தம். பாதாள சாக்கடை அடைப்பு எடுக்கிற லாரி. அடைப்பு இருந்தால் அல்லவா எடுப்பதற்கு! இல்லாத அடைப்பை அவர்கள் குழாய் போட்டு முழு வேகத்தில் தள்ள, அது போக இடம் இல்லாமல் எங்கள் குளியலறைத் துவாரத்தின் வழியாக மேலே வந்தது. எது வந்தது என்று கேட்காதீர்கள். சீயக்காய் எரியும் கண்ணோடு, இடுப்பில் ஒரு துண்டோடு நான் வாசலுக்கு ஓடி வந்து யார் மேலோ முட்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் தங்கள் மகன். மரியாதை தெரிந்தவர், அதை மறுக்க மாட்டேன், உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பக்கெட் நல்ல தண்ணீரைப் பின்பக்கமாகவே நீட்டினார். ஆனால் மாமனாரின் மானம் தெருவில் போன பிறகு பக்கெட்டால் என்ன பயன்? நாகவல்லி அவர்கள் அங்கே இருந்தே ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னா சார் இது அநியாயம்? லைட்டுக்கு வந்த ஆளே தண்ணிக்கும் வந்தான், இன்னிக்கு இந்த நாத்தம் புடிச்ச லாரிலயும் அவனேதான் கீறான். உங்க ஊட்டையே சுத்திகினு கீறான் பாரு. வேவு பாக்க வந்துகினு கீறானா இன்னா?"

அந்த ஒரு வார்த்தைதான் சம்பந்தி என் கண்ணைத் திறந்தது. சீயக்காய் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது, ஆனால் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தாங்கள் பெண் வீட்டை விசாரிக்கிறீர்கள். விசாரிப்பது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் முன்னால் அக்கம்பக்கம் விசாரிப்பது பெற்றவர்களின் கடமை. நானே தங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஜூஸ் கடையில் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருக்கிறேன். தாங்கள் பேப்பர்காரரோடு சண்டை போட்டதையும், பிறகு கூப்பிட்டு அவருக்கே டீ வாங்கிக் கொடுத்ததையும் பார்த்தேன். நல்ல குடும்பம் என்று அனுசுயாவிடம் வந்து சொன்னேன். ஆனால் நான் என் குடையோடு, என் செலவில், சாத்துக்குடி ஜூஸ் குடித்து விசாரித்தேன். தாங்கள் அரசாங்க லாரியை அனுப்பி விசாரிக்கிறீர்கள். விளக்குக் கம்பத்தில் ஏற்றி மாடியைப் பார்ப்பது, குழியில் இறக்கி வாசலைப் பார்ப்பது, சாக்கடையைத் திறந்து எங்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறோம் என்பதுவரை பார்ப்பது. விசாரணையில் இவ்வளவு ஆழம் தேவையா?

அப்படியும் நான் ஆத்திரப்படவில்லை. நேராகத் தங்கள் பையனின் அலுவலகத்துக்கே போனேன். அலுவலகத்தின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், கடிதம் யார் கையில் சிக்குமோ. அங்கே புகார் வாங்கும் இடத்தில் ஷர்மிளா என்று ஒரு பெண் இருக்கிறாள். உங்கள் பையனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், "அம்மா, விளக்கு பார்க்கிற என்ஜினீயர் சாக்கடை லாரியில் வருகிறாரே, இது என்ன ஏற்பாடு?" என்று வெள்ளந்தியாகக் கேட்டேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அதை ஏன் சார் கேக்கறீங்க. முன்னாடி லைட்டுக்குத் தனி ஆளுங்க, தண்ணிக்குத் தனி, டிரெயினேஜுக்குத் தனி. மூணு ஆபீசர், மூணு வண்டி, மூணு டிரைவர். செலவு கட்டுப்படியாகலன்னு போன மாசம் மூணையும் சேத்து ஒண்ணாக்கிட்டாங்க. ஏரியாவுக்கு ஒரு டீம், ஒரு என்ஜினீயர். இனிமே எது ரிப்பேர்னாலும் அவங்கதான் வருவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்வதென்றாலும் ஒரு அளவு வேண்டாமா? எங்கள் தொழிற்சாலையில் வெல்டிங் வைக்கிறவரைக் கூப்பிட்டு, "அப்படியே கேன்டீனில் சாம்பாரையும் வைத்துவிட்டு, கேட்டில் காவலும் நின்றுவிட்டுப் போங்கள்" என்று சொன்னால் செலவு குறையத்தான் செய்யும். அந்தச் சாம்பாரை யார் சாப்பிடுவது? இதையெல்லாம் ஒரு படித்த அதிகாரி உட்கார்ந்து யோசித்து, இன்னொரு படித்த அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நான் நம்ப வேண்டுமாம். தாங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அந்தப் பெண் ஒப்பிக்கிறாள் என்று தோன்றியது. வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் அசோக் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவுக்கு வழக்கமாக வால்வு திறக்க வருகிறவர், பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வேட்டி வாங்கிக்கொள்கிறவர், என்னிடம் பொய் சொல்ல மாட்டார் என்று அவரிடம் போனேன். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே அவர் சொன்னார்.

"நானு வால்வு ஆளு சார். குனிஞ்சே பொயப்ப ஓட்டினவன். என்னைப் போயி கம்பத்து மேல ஏத்தி உட்டுட்டாங்கோ. தல கிர்ருனு சுத்துது. உங்க ஊட்டாண்ட கண்ண மூடிகினுதான் ஒயர மாட்டினேன், எத எதுல மாட்டினேனோ. லைட்டு ஆளு இன்னாடான்னா, வால்வு எந்தப் பக்கம் திருப்புனா தொறக்கும்னு என்னாண்ட கேக்குறான். ரெண்டு என்ஜினீயர எங்கயோ தூக்கி அட்ச்சிட்டாங்கோ. கான்ட்ராக்ட்டு பசங்கள ஊட்டுக்கு அனுப்பிட்டாங்கோ. நம்ம சார் ஒருத்தர்தான் எல்லாத்துக்கும் ஓடிகினு கீறாரு, நல்ல மன்சன்."

நல்ல மனுஷன் என்று கேட்காமலே ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கு ஆகிவிடும். தாங்கள் அசோக்கையும் விலைக்கு வாங்கிவிட்டீர்களோ என்று நினைத்தேன். மறுபடி உள்ளே போய் ஷர்மிளாவிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். செண்பகா நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் ஒரு குறையும் இல்லையே, அங்கிருந்து புகார் கொடுப்பது யார்? அதற்கு அவள், "பேரு சொல்லக்கூடாது சார். ஆனா இந்த ஏரியாவுலயே உங்க தெருவுல இருந்துதான் ஓயாம போன் வருது. ஒரே பொண்ணு குரல்தான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பிடிபட்டீர்கள் சம்பந்தி! பெண் குரல் என்றால் யார்? எங்கள் தெருவில் இருக்கும் பெண்களையெல்லாம் மனதுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். நாகவல்லி அவர்கள் போனில் பேசினால் ஷர்மிளாவின் காது இந்நேரம் போயிருக்கும். அனுசுயாவுக்கு அந்த எண்ணே தெரியாது. மற்றவர்களுக்கு இதில் லாபம் இல்லை. ஆக, எங்கள் தெருவில் இருந்து பேசுவதுபோலத் திருவேற்காட்டில் இருந்து பேசுவது தங்கள் வீட்டு அம்மாதான் என்ற முடிவுக்கு வந்தேன். அவர்கள் சுட்ட போளியைச் சாப்பிட்ட வாயால் இதைச் சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சம்பந்தி, இனி எழுதுவதில் கிண்டல் இல்லை. சாக்கடை வேலை செய்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று நான் முகத்தைச் சுளிப்பதாக நினைத்துவிடாதீர்கள். கை அழுக்காகாமல் நானும் சாப்பிட்டதில்லை, என் அப்பாவும் சாப்பிட்டதில்லை. நான் பயப்படுவது வேறு இரண்டுக்கு. வேவு பார்க்க வந்தார் என்றால், பெண் கேட்டு வந்த வீட்டை நம்பாத குடும்பத்தில் என் பெண் எப்படி நிம்மதியாக இருப்பாள்? அப்படி இல்லை, அசோக் சொன்னதுதான் நிஜம் என்றால், அது இன்னும் மோசம். மூன்று பேர் வேலையை ஒருவர் செய்தால் போதும் என்று கண்டுபிடித்தவர்கள், அந்த ஒருவரும் எதற்கு என்று கண்டுபிடிக்க எவ்வளவு நாளாகும்? தாலி கட்டிய மறுமாதம் தங்கள் பையன் வீட்டில் உட்கார்ந்தால் என் பெண் என்ன செய்வாள்? இது தெரிந்தும் தாங்கள் சீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற கதையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், மறைக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? எங்களுக்கு அவள் ஒருத்திதான். கல்யாணமாகி ரொம்ப வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து பிறந்தவள். அவள் இருக்கிற வீட்டில் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று நான் எழுந்து எழுந்து பார்க்கிறவன். அவளைக் கொடுக்கப் போகிற வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்காமல் விடுவேனா?

ஆகையினால், பையன் உண்மையில் என்ன வேலை செய்கிறார், அந்த வேலை நிற்குமா, யார் சொல்லி எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி வருகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு எனக்கு விளக்கமாக எழுதுங்கள். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். சமையல்காரருக்கும் சொல்லிவிடுவேன். கவிப்பிரியாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவள் சூது வாது தெரியாத பெண், தாங்க மாட்டாள்.

தங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் தெரிவிக்கவும். வெற்றிச்செல்வனுக்கு என்ன சொல்வது என்பதைத் தங்கள் பதில் வந்த பிறகு யோசிக்கிறேன். அம்மாவிடம், நான் அந்தக் குரல் விஷயத்தை எழுதியிருப்பதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் தங்களை மதிக்கிற,
தேவராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கவிப்பிரியா வந்துவிட்டாள். உறையில் தங்கள் முகவரியைப் பார்த்ததும் என் கையிலிருந்து பிடுங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள். வற்றல் வருகிற இடத்தில் சிரித்தாள். நிச்சயதார்த்தத்தை நிறுத்துகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "போன் பண்ணது நான்தாம்பா" என்றாள். எந்தப் போன் என்று கேட்டேன். "எல்லாப் போனும்" என்றாள்.

நிச்சயம் முடியும் வரை பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் போனில் பேசக்கூடாது, நம்பர்கூடக் கொடுக்கக்கூடாது என்று தாங்கள் சொல்லி, நான் பலமாகத் தலையாட்டி, நாம் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோமே, அதன் பலன் இது. பேசக்கூடாது என்றுதான் சொன்னோமாம், புகார் கொடுக்கக்கூடாது என்று சொல்லவில்லையாம். அவர் லைட் பிரிவு என்று தாங்கள் சொன்னதை நம்பி முதலில் விளக்கு எரியவில்லை என்று போன் செய்திருக்கிறாள். அந்தப் பெரிய சொம்பு மோரைக் குடிக்கும்போதே அவர் இவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேலை தலைகீழாக மாறிப்போயிற்று, அப்பாவுக்கு இன்னும் தெரியாது, தினமும் கசங்காத சட்டையில் வீட்டை விட்டுக் கிளம்பி ஆபீசில் போய் மாற்றிக்கொள்கிறேன், நாளைக்கு இந்த வேலையும் நிலையில்லை, இதற்குப் பிறகும் உனக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். "இவ்வளவையும் மறைக்காம சொல்றவர வேற எங்கப்பா தேடுவீங்க? எனக்குந்தான் வேலை இருக்கு, ரெண்டு பேருமா பாத்துக்குவோம்" என்கிறாள். என்னிடம் சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வந்தாராம், என் முகத்தைப் பார்த்ததும் பேச்சு எழவில்லையாம். நான் துண்டோடு ஓடி வந்த அன்று சொல்லிவிடுவதாகவே இருந்தாராம்.

"ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம சந்தேகப்பட்டீங்களே, என்னை மட்டும் ஏம்பா விட்டுட்டீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அவளைச் சந்தேகப்பட எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை, சம்பந்தி. இனிமேலும் தோன்றாது.

கடிதத்தைக் கிழித்துப் போடுகிறேன் என்றேன். அவள் விடவில்லை, "அப்படியே அனுப்புங்க, அதுதான் உங்களுக்குத் தண்டனை" என்று சொல்லிவிட்டாள். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். அம்மாவிடம் என் மன்னிப்பைச் சொல்லவும். வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்துவிடுங்கள். இனிமேல் பையன் கசங்கின சட்டையோடே வீட்டுக்கு வந்தால் கோபிக்காதீர்கள்.

நேரில் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டும் என்று இன்று மாலை அவரை அடை சாப்பிடக் கூப்பிட நினைத்தேன். நாம் போட்ட தடையால் அவர் நம்பர் இந்த வீட்டில் யாரிடமும் கிடையாது. அதனால் நானே அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஷர்மிளாதான் எடுத்தாள். "உங்க தெருவா? சொல்லுங்க சார், லைட்டா, தண்ணியா, டிரெயினேஜா?" என்று கேட்டாள். "நீங்களே ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, எதுவானாலும் எங்கள் மாப்பிள்ளைதானே வரப்போகிறார்" என்றேன்.